மேல்மலையில் நட்சத்திரம் பார்க்க நல்ல இருட்டான இடம் பிடிப்பது எப்படி

கொடைக்கானலுக்கு நட்சத்திரம் பார்க்க வருகிறவர்கள் முதல் ராத்திரி ஏரிப் பக்கம் நிற்பார்கள். கடை விளக்கும் ஓட்டல் விளக்கும் சேர்ந்து அங்கே வானத்தைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கும். ஏமாந்துபோய் மறுநாள் ஆள் நடமாட்டமே இல்லாத காட்டோரமாகப் பார்த்துக் காரை நிறுத்துவார்கள். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. நல்ல இருட்டுக்காகக் காட்டுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலை ஊர்கள் இருக்கின்றன, அங்கே ஒரு விவசாயி வீட்டு மொட்டை மாடியோ வாசலோ கிடைத்தால் போதும், பால்வீதி தலைக்கு மேலே ஓடும்.

அதனால் இடம் தேடுவது என்றால் தங்கும் வீடு தேடுவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒளி மாசு வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எந்த ஊர் இருட்டு என்று பார்க்க உதவும். ஆனால் பக்கத்துத் தோட்டத்து ஃபோகஸ் லைட்டை எந்த வரைபடமும் காட்டாது. போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: வீட்டுக்கு முன்னால் தெருவிளக்கு இருக்கிறதா, வெளி விளக்கை ராத்திரி அணைக்க முடியுமா, மாடிக்குப் போகப் படி இருக்கிறதா. மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்பது 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது, அதையும் கையோடு எடுத்துவிடுங்கள்.

போய்ச் சேரும்போது வெளிச்சம் இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. பகலிலேயே உட்காரப் போகும் இடத்தில் நின்று நாலு திசையும் பாருங்கள். இந்த மலை சுமார் 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அந்தப் பக்கம் பழனி, உடுமலை சமவெளி வெளிச்சமும் தெரியும். நமக்குச் சொத்து தெற்கு வானம்தான். டெல்லிக்காரர்கள் சரியாகப் பார்க்கவே முடியாத திரிசங்கு, அதாவது தெற்குச் சிலுவை (Southern Cross) நட்சத்திரக் கூட்டம், நமக்கு 20 டிகிரி உயரம் வரை ஏறும், அகத்தியர் நட்சத்திரம் (Canopus) 27 டிகிரி. கையை நீட்டி மூடிய முஷ்டி ஒன்று ஏறக்குறைய 10 டிகிரி. தெற்கே இருக்கும் மலைமுகடோ யூகலிப்டஸ் மரமோ இரண்டு முஷ்டி உயரத்துக்கு மேல் மறைத்தால் திரிசங்கு போச்சு. பூம்பாறை மாதிரிப் பள்ளத்தில் இருக்கும் ஊர்களில் இதை அவசியம் பாருங்கள், பூண்டு வயலின் ஒரு படியிலிருந்து மேல் படிக்கு ஏறினாலே காட்சி மாறிவிடும். அப்படி ஏறும்போது மின்வேலி எங்கே ஓடுகிறது என்று தோட்டக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டார்ச்சோடு நடமாடப் போகிறோம் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள், காவலுக்கு இருப்பவர்கள் திருடன் என்று நினைக்கக் கூடாது.

சரி, மிருகங்கள். காட்டுமாடு கொடைக்கானல் கடைவீதிக்கே வரும், மேல்மலையில் கேட்கவே வேண்டாம். நான் ஒரு பிப்ரவரியில் கேரட் தோட்டத்து ஓரம் தார்ப்பாய் விரித்தபோது வீட்டுக்கார அண்ணன் வந்து, "தம்பி, அது மாடு வர்ற தடம், இந்தப் பக்கம் சுவரை ஒட்டி உட்காருங்க" என்று இடம் மாற்றி வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து, நான் முதலில் படுத்திருந்த இடத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இருட்டில் அது ஒரு கரிய மேடு மாதிரிதான் தெரியும், அதனால் முதுகுக்குப் பின்னால் சுவரும் பத்தடியில் திறந்த கதவும் இருக்கட்டும். எதிரே வந்துவிட்டால் ஓடாமல், ஃபிளாஷ் அடிக்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் யானை நடமாட்டம் உண்டு, அங்கே ராத்திரி வெளியே உட்காரும் யோசனையே வேண்டாம். பேரிஜம் ஏரி வனத்துறை அனுமதியோடு பகலில் மட்டும் போகிற இடம். பாறை விளிம்பில் இருக்கும் வியூ பாயிண்ட்டுகளில் மூடுபனி ஏறினால் கால் வைக்கிற இடமே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி வானம் பார்ப்பதும் வேண்டாம்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஜூனுக்குப் பிறகு மேகமும் சாரலும். நிலாவுக்கு வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்: தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு நிலா நடு ராத்திரி தாண்டித்தான் வரும், அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறை வரை சீக்கிரமே மறைந்துவிடும். இன்னொன்று, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சில சமயம் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் நிரம்பி, மேலே வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அந்த மூட்டம் கீழே இருக்கிற ஊர்களின் வெளிச்சத்தை மூடிவிடுவதால் அன்றைக்கு வழக்கத்தைவிட இருட்டு அதிகம். அப்படி அமைந்தால் தூங்கிவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் எதையும் தேடாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. குரங்குக் குல்லா, கம்பளி, இரண்டு ஜோடி காலுறை, சாய்ந்து படுக்கிற நாற்காலி, இருந்தால் 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர். டெலஸ்கோப் முதல் தடவை தேவையே இல்லை.

இடம் நல்ல இடமா என்று வானத்தையே கேட்கலாம். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறுக்கு மேல் எண்ண முடிந்தால் நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து மேற்கே கோபுரம் மாதிரி மங்கலான ஒளி எழுந்து நின்றால், அது சூரியனைச் சுற்றி இருக்கும் தூசியில் பட்டு வரும் வெளிச்சம், ஊர் வெளிச்சம் இருக்கும் இடத்தில் அது தெரியவே தெரியாது. ஜனவரி கடைசியில் ஒன்பது மணிக்கு, அகத்தியருக்குக் கீழே தெற்கு அடிவானத்தை ஒட்டி ஒரு முஷ்டி உயரத்தில் பஞ்சுத் திட்டு மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பெரிய மெகல்லன் மேகம், நம் பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலம். அந்த வீட்டுக்காரர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மார்ச்சில் மறுபடி போய் ராத்திரி ஒரு மணிக்குத் திரிசங்கையும் நாலு மணிக்குக் கேட்டையோடு விருச்சிகம் முழுதாக ஏறி நிற்பதையும் அதே மாடியிலிருந்து பார்க்கலாம்.