பட்டதாரிப் பயிற்சித் திட்டம்: இளம் பொறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பெரிய பொறியியல் கம்பெனிகளின் பட்டதாரிப் பயிற்சி பொதுவாக ஒன்றரை, இரண்டு வருடம் நடக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரிவு மாற்றுவார்கள்: வடிவமைப்பு, உற்பத்தி, பராமரிப்பு, திட்ட மேலாண்மை என்று. நம் பிள்ளைகள் பலர் இதைப் பட்டம் வாங்கிய பிறகு தேடுகிறார்கள். அது தாமதம். பல கம்பெனிகள் அடுத்த ஆண்டுக்கான ஆட்களை முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே எடுக்க ஆரம்பித்துவிடும். படிப்பது என்டியூ பல்கலைக்கழகமோ என்யூஎஸ் பல்கலைக்கழகமோ, இறுதியாண்டு தொடங்கும்போதே விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும்.

நேர்முகத்தில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது அடக்கம். “உங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டில் பம்ப் ஏன் அதிர்ந்தது?” என்று கேட்டால், “எங்கள் குழு சோதித்துச் சரிசெய்தது” என்று முடித்துவிடுகிறார்கள். அதிர்வை அளந்தது யார், தண்டு நேராக இல்லை என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், முதலில் போட்ட கணக்கு எங்கே பொய்த்தது என்பதையெல்லாம் சொன்னால்தானே கேட்பவருக்கு உங்களைத் தெரியும்? குழுவின் பங்கை மறைக்க வேண்டாம். உங்கள் பங்கையும் விழுங்க வேண்டாம்.

வேலை கிடைத்த பிறகு நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. துவாஸ் கப்பல் யார்டுக்கோ ஜூரோங் தீவு ரசாயன ஆலைகளுக்கோ அனுப்பினால் எப்போது ஏசி அறைக்குத் திரும்பலாம் என்று நாள் எண்ணுகிறார்கள். வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பின்வரிசையில் நின்று போனைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு எந்தக் குழாயைத் திறக்கப் போகிறார்கள், அந்த வேலையைச் செய்வதற்கான அனுமதிச் சீட்டு யார் பெயரில், எந்த வால்வைப் பூட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். அதைவிட முக்கியம், அங்கே நிற்பவர்களில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்து பல வருடம் வேலை பார்த்த அண்ணன்மார்கள். குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தைக் காட்டி, “அண்ணே, இந்த ஃபிளேஞ்ச் மட்டும் ஏன் ஒழுகிக்கிட்டே இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். போல்ட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டும், ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் எங்கே நசுங்கும் என்று கையால் காட்டித் தருவார்கள். வரைபடத்தில் இதெல்லாம் இருக்காது. தமிழ் தெரிந்த பயிற்சிப் பொறியாளருக்கு இது பெரிய கொடுப்பினை. “நான் இன்ஜினியர்” என்ற மிடுக்கில் அதை இழக்காதீர்கள்.

சரி, கற்றதை எழுதி வைக்கிறீர்களா? சிங்கப்பூரில் தொழில்முறைப் பொறியாளராகப் பதிவு செய்யத் தேர்வுகளோடு குறைந்தது நான்கு வருட அனுபவமும் வேண்டும். பின்னால் உட்கார்ந்து அதை நினைவிலிருந்து எழுதினால் வெறும் வேலைப் பட்டியல்தான் வரும். முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் எந்த வேலை, உங்கள் பொறுப்பு என்ன, என்ன முடிவெடுத்தீர்கள், யார் மேற்பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி ரகசியங்கள் மட்டும் அதில் ஏறக்கூடாது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினால், குறிப்பிட்ட காலம் அதே கம்பெனியில் வேலை செய்ய வேண்டும் என்ற பாண்ட் இருக்கலாம். எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், நாள் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா என்று மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வீட்டில் தயங்குவார்கள். நினைக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2006இலும் இந்தியா 2014இலும் முழு உறுப்பினர்களாயின. ஆனால் இந்தியாவின் எல்லாப் பொறியியல் படிப்புகளும் அதற்குள் வராது. கல்லூரி பிரபலம் என்று நம்பி இருந்துவிடாமல், உங்கள் படிப்பைத் தொழில்முறைப் பொறியாளர் வாரியம் ஏற்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அப்புறம், வெளிநாட்டினர் இங்கே வேலை செய்யத் தேவையான பாஸ். 2025 ஜனவரி முதல் புதிதாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்பவருக்கு, நிதித்துறை தவிர மற்ற துறைகளில், குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி ஆனது. வயது கூடினால் அதுவும் கூடும். போதாக்குறைக்கு சம்பளம், படிப்பு போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு விண்ணப்பத்தை எடைபோடும், 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் முறையும் இருக்கிறது. மனிதவள அமைச்சின் இப்போதைய அளவைப் பார்த்துக்கொண்டு, பயிற்சிச் சம்பளம் அதைத் தொடுகிறதா, எந்தப் பாஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.