பாலக்காட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஒரே தூரம், மூன்று கட்டணம்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து வருபவர்கள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஒன்று, வாடகை வீடு. இன்னொன்று, "அண்ணே, நேத்து கோயம்புத்தூர் போனப்ப ஒரு காசு, இன்னிக்கு வேற காசு வாங்கறாங்க, கவுன்டர்ல ஏமாத்தறாங்களா?" வீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. ரயில் டிக்கெட் விஷயத்தில் கொஞ்சம் அடிபட்டுக் கற்றிருக்கிறேன்.

கவுன்டரில் யாரும் ஏமாற்றவில்லை. நம் ஊர் பஸ்ஸில் ஏறிய பழக்கத்தில் தூரத்துக்குத்தான் காசு என்று நினைக்கிறோம். ரயிலில் தூரம் பாதிதான். மீதிப் பாதி, அந்த வண்டிக்கு ரயில்வே என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண பாசஞ்சர், மெமு (குறைந்த தூரம் ஓடும் மின்சார ரயில்) வண்டிகளில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸ் என்று பெயர் வந்துவிட்டால் நீங்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கினாலும் 50 கிலோமீட்டருக்கான காசு, அதாவது 30 ரூபாய். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்கு மேல் இன்னொரு 15. கஞ்சிக்கோட்டில் இருந்து ஒலவக்கோடு (பாலக்காடு ஜங்ஷனைப் பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்) மெமுவில் 10 ரூபாயில் முடிகிற தூரம். அதே அளவு தூரத்தை எக்ஸ்பிரஸில் போனால் மூன்று மடங்கு.

அதனால் கவுன்டரில் நின்றதும் ஊர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். "பாசஞ்சரோ எக்ஸ்பிரஸோ?" என்று உள்ளே இருப்பவர் கேட்பார். இது மலையாளமா தமிழா என்று குழம்பவே வேண்டாம், இரண்டிலும் ஒன்றுதான். கேள்வி புரியாமல் தலையாட்டினால் எதையாவது ஒன்றை அடித்துக் கொடுத்துவிடுவார். போனில் ஆப் வழியாக எடுத்தாலும் வண்டி வகை என்று ஒரு இடம் வரும். அதைப் பார்க்காமல் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

நானும் அப்படி ஒரு முறை மாட்டியவன். மெமுவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நின்றேன். வண்டி தாமதம். அதே பிளாட்ஃபாரத்தில் ஒரு சூப்பர்ஃபாஸ்ட் வந்து நின்றது, கோயம்புத்தூர் வழியாகத்தான் போகிறது, பொதுப் பெட்டியில் இடமும் இருந்தது. ஏறிவிட்டேன். கையில்தான் டிக்கெட் இருக்கிறதே என்ற தைரியம். டிடிஆர் அந்தச் சீட்டை வாங்கி விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆர்டினரி" என்று ஒரே ஒரு வார்த்தை. கட்டண வித்தியாசம், அதோடு 250 ரூபாய் அபராதம். அன்றைக்குக் கையில் இருந்தது முந்நூற்றுச் சொச்சம். காந்திபுரத்தில் சாப்பிடாமல் திரும்பினேன். தப்பு என்னுடையதுதான், ஆனால் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடாவது மிஞ்சியிருக்கும்.

வண்டியின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணைப் பாருங்கள். ஐந்து இலக்கம் இருக்கும். 12, 20, 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட். 16 என்று தொடங்கினால் சாதாரண எக்ஸ்பிரஸ். 5-இல் தொடங்கினால் பாசஞ்சர், 6 என்றால் மெமு. 0-வில் தொடங்கினால் சிறப்பு ரயில். பண்டிகை நேரத்தில் விடுகிற இவற்றில் பலவற்றுக்குக் கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதல், முன்பதிவு செய்யும்போது தொகையைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பொள்ளாச்சி, பழனி, உடுமலைப் பக்கத்து ஆட்களுக்கு இந்த எண் கணக்கு ரொம்ப முக்கியம். பாலக்காடு டவுனில் இருந்து புதுநகரம், கொல்லங்கோடு வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகிற பாதை மீட்டர்கேஜில் இருந்து மாறி 2015-இல் அகலப்பாதையாகத் திறந்தது. அதில் போகிற பாலக்காடு – திருச்செந்தூர் வண்டி முன்பு பாசஞ்சர், எண் 56769. கொரோனாவுக்குப் பிறகு அதே வண்டி 16731 எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டது. ஓடுவது அதே ஒற்றைத் தண்டவாளம். முன்பு ஒரு சில்லறைத் தொகையில் கொல்லங்கோட்டுக்குப் போனவர் இப்போது 30 ரூபாய் கொடுக்க வேண்டும். இதை எப்படி நியாயம் என்று சொல்வது எனக்குத் தெரியவில்லை. வேகம் கூட்டினோம் என்பார்கள். கொல்லங்கோட்டுச் சந்தைக்குக் காய் கொண்டுபோகிற அம்மாவுக்கு அதில் என்ன மிச்சம்?

கொரோனா காலத்தில் மெமுக்களையும் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி 30 ரூபாய் வாங்கினார்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் அது பழைய 10 ரூபாய்க்குத் திரும்பியது. ஆனால் நிரந்தரமாக எக்ஸ்பிரஸ் எண் கொடுக்கப்பட்ட வண்டிகள் திரும்பவில்லை. அதனால்தான் ஒரே ஊருக்கு, ஏறத்தாழ ஒரே நேரத்தில் போய்ச் சேரும் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு கட்டணம்.

சூப்பர்ஃபாஸ்ட் கூடுதல் கட்டணத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு வண்டியின் முழுப் பாதையிலும் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தால் அது சூப்பர்ஃபாஸ்ட். நீங்கள் போகிற துண்டில் அது எப்படிப் போகிறது என்பது கணக்கில் இல்லை. வாளையாறு தாண்டி எட்டிமடை, மதுக்கரை வரைக்கும் காட்டுக்குள் யானை கடக்கும் இடங்கள். அங்கே வேகக் கட்டுப்பாடு உண்டு, அது வேண்டியதும்கூட. ஆனால் வண்டி யானைக்காக மெதுவாகப் போகும்போதும் நீங்கள் கொடுத்தது அந்த 15 ரூபாய்தான். சென்னை வரை போகிறவருக்கும் அதே 15, கோயம்புத்தூரில் இறங்குகிறவருக்கும் அதே 15. சூப்பர்ஃபாஸ்ட் என்று காசு வாங்கிவிட்டு அந்த வேகத்தில் ஓடாத வண்டிகளைப் பற்றி மத்தியத் தணிக்கைத் துறையே 2017 அறிக்கையில் குறை சொன்னது. கட்டணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, தினமும் போய்வருகிறவர்கள் என்ன செய்வது? சீசன் டிக்கெட் எடுங்கள். யோசிக்கவே வேண்டாம். 150 கிலோமீட்டர் வரை தருவார்கள், மாதக் கணக்கும் மூன்று மாதக் கணக்கும் உண்டு. ஒரு மாதம் தினமும் டிக்கெட் எடுக்கிற செலவில் பாதிகூட ஆகாது. அதைவிட முக்கியமானது, சீசனில் பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் என்ற பேதம் கிடையாது, தூரம்தான் கணக்கு. சூப்பர்ஃபாஸ்டில் போக வேண்டுமானால் தனியாகக் கூடுதல் கட்டியிருக்க வேண்டும். முன்பதிவுப் பெட்டியில் மட்டும் ஏறாதீர்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மதுரைக்குப் பாலக்காட்டில் இருந்து இரண்டு வழி: பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழி ஒன்று, கோயம்புத்தூர், ஈரோடு, கரூர் சுற்றிப் போவது இன்னொன்று. முன்பதிவில்லாத டிக்கெட்டில் எந்த வழி என்று அச்சாகியிருக்கும், பொள்ளாச்சி என்றால் பி ஓ ஒய் என்ற மூன்று எழுத்து. அந்த வழியில்தான் அது செல்லும். பொள்ளாச்சி வண்டியைத் தவறவிட்டு ஈரோடு வண்டியில் ஏறினால் கையில் டிக்கெட் இருந்தும் இல்லாத மாதிரிதான். இடையில் கோயம்புத்தூரில் வண்டி மாறுவதாக இருந்தாலும், முடிந்தவரை முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான காசு குறையும். இரண்டாக உடைத்தால் அந்தச் சலுகை போய், ஒவ்வொன்றிலும் ஐந்து ரூபாய்க்கு ரவுண்டு செய்வது வேறு சேரும்.

ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்குக் காசு. ஈரோடு வரைதான் போகிறீர்கள் என்றாலும் அதே தொகைதான், எனவே பகல் பயணத்துக்கு ஸ்லீப்பர் தேவையா என்று பாருங்கள். தட்கல் பற்றிச் சுருக்கமாக: முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மற்றவை. உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. கோயம்புத்தூரில் இருந்து சென்னைக்குச் சதாப்தியில் போவதாக இருந்தால், இடம் நிறைய நிறையக் கட்டணமும் ஏறும். அது 2016-இல் வந்த முறை, சீக்கிரம் எடுத்தவனுக்குத்தான் லாபம்.

வயதான பெற்றோரை அழைத்துவருகிறவர்கள் கேட்பார்கள், மூத்த குடிமக்கள் சலுகை இருக்கிறதா என்று. 2020 மார்ச்சில் நிறுத்தியது, திரும்ப வரவில்லை. அதேபோல் ஊரில் டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போன பெண்களுக்கு எல்லை தாண்டினால் அது கிடையாது. இங்கே சாதாரண பஸ்ஸில் ஏறினாலே 10 ரூபாய். முதல் வாரம் கண்டக்டரிடம் கை நீட்டாமல் உட்கார்ந்திருந்து என் மனைவி, "டிக்கெட் எடுக்கணும் சேச்சி" என்று அவர் சொல்லக் கேட்டு வந்த கதையை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.