தோட்டத்துப் பன்றிக்கு ஸ்லக்: துப்பாக்கியும் தோட்டாவும் தேர்ந்தெடுப்பது எப்படி

மான் வேட்டைக்கு எந்த ஷாட்கன் வாங்கலாம், எந்த ஸ்லக், அதாவது ரவைகளுக்குப் பதில் ஒரே கட்டியாகப் போகும் ஈயக்குண்டு, போடலாம் என்று பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். மானை மறந்துவிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட உரிமம் கொடுப்பதை 2009-இல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் நிறுத்தியது. நம் தோட்டங்களில் தொல்லை காட்டுப்பன்றிதான், செம்பனைக் கன்றின் குருத்தை ஒரே இரவில் தோண்டித் தின்றுவிடும். அதைச் சுடவும் இரண்டு தாள் வேண்டும்: 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் தரும் துப்பாக்கி உரிமம், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பெர்ஹிலித்தான் தரும் வேட்டை உரிமம். மாமா பெயரில் இருக்கும் துப்பாக்கியை மருமகன் தூக்கிக்கொண்டு போக முடியாது.

முதல் படி, குழலின் அளவு. 12 போர் எடுங்கள். ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாக 12 உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் வாய், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 போர் தோளுக்கு இதம்தான், ஆனால் இரண்டு அளவுத் தோட்டாவையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள். மஞ்சள் நிற 20 தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

இரண்டாவது, துப்பாக்கியின் வகை. புதிதாகத் தொடங்குபவருக்கு மடக்கித் திறக்கும் ஒற்றைக்குழல் போதும், மலாய்க்காரர்கள் செனாப்பாங் பத்தா என்பார்களே, அதுதான். திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. இரட்டைக்குழலில் இரண்டு குழலும் ஸ்லக்கை ஒரே இடத்தில் போடும் என்று நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது, குழல் நுனியின் இறுக்கம், அதாவது சோக். என் மாமாவின் பழைய ஒற்றைக்குழல் ஃபுல் சோக், அதாவது நுனி நன்றாக இறுகியது, பொடிப்பொடியான சில்லு ரவைக்கு அருமையான துப்பாக்கி. அதில் ஸ்லக் போட்டு அவர் சுட்டபோது ஐந்து மரம் தள்ளி நின்ற பன்றிக்கு ஒரு முழம் இடப்பக்கம் மண் தெறித்தது, பன்றி உறுமிக்கொண்டு கால்வாயைத் தாண்டி ஓடியது. ஸ்லக்குக்கு இறுக்கமே இல்லாத சிலிண்டர் அல்லது லேசாக இறுகிய இம்ப்ரூவ்டு சிலிண்டர்தான் சரி.

அப்புறம் ஸ்லக். பிரென்னெக்கே 1898-இல் ஜெர்மனியில் வந்தது, கெட்டியான ஈயம், பின்னால் அடைப்பு ஒட்டியே போகும். எலும்பை உடைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும், கொழுத்த ஆண்பன்றிக்கு என் தேர்வு இதுதான். ஃபாஸ்டர் 1931-இல் அமெரிக்காவில் வந்தது, பின்பக்கம் குழிவாக, தலை கனமாக இருப்பதால் பூப்பந்து மாதிரி நேராகப் போகும். இரண்டும் வழவழப்பான குழலுக்கு. பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சேபோட் ஸ்லக், உள்ளே சுருள் வரி வெட்டிய வரிக்குழலுக்கு மட்டும், நம் துப்பாக்கியில் போட்டால் காசும் போகும் குறியும் போகும். எதை வாங்கினாலும் குழலில் பொறித்திருக்கும் அறை நீளத்தை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தின் நீளத்தை, பாருங்கள். 76 மில்லிமீட்டர் தோட்டா 70 மில்லிமீட்டர் அறைக்குள் சுலபமாகப் போய்விடும், ஆனால் சுடும்போது தோட்டாவின் மடிந்திருக்கும் வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிடும்.

கடைசியாக, அனுமதி பெற்ற சுடுதளத்தில் காகிதம் கட்டிச் சுட்டுப் பாருங்கள். முதலில் 25 மீட்டரில் மூன்று, பிறகு 45 மீட்டரில் மூன்று. கன்னம் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டியே இருக்க வேண்டும், தலை தூக்கினால் குண்டு மேலே போகும். இரண்டு மூன்று கம்பெனி ஸ்லக் வாங்கி எது உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று பாருங்கள், ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகூட ஒரே ஸ்லக்கை விரும்பாது. மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழும் தூரம்தான் உங்கள் எல்லை.

தோட்டத்தில் அந்தத் தூரத்தை அளக்க மரத்தை எண்ணினால் போதும். செம்பனை சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நட்டிருப்பார்கள், வரிசையோடு பார்த்தால் ஐந்து இடைவெளி என்பது 45 மீட்டர். அதற்கு மேல் விசையைத் தொடாதீர்கள். அதற்குள்ளே நின்றாலும் பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பாருங்கள், 28 கிராம் ஈயம் குறி தப்பினால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும், அங்கே குலை வெட்டுகிறவர்கள் இருப்பார்கள், லயத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள்.