அம்பாசடருக்கு முன் டிஸ்க் பிரேக்: மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அம்பாசடரை இன்றும் ஆசையாக ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டுவிடலாமா என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். நியாயமான கேள்விதான். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், வண்டியின் எடையோ 1,100 கிலோவுக்கு மேல். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அப்படி ஓர் இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், டிரம்மின் உட்பக்கத்தில் உரசும் லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சூட்டை வேகமாக விட்டுவிடும். தண்ணீரில் இறங்கி ஏறினாலும் உடனே காய்ந்துவிடும்.

ஆனால் டிரம்மைக் கழற்றி டிஸ்க்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள் பாருங்கள், மற்ற எல்லாத் தவறும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. காலடியில் இருக்கும் பெடல் முதல் பின் சக்கரத்து டிரம் வரை எல்லாம் ஒரே தொடர். முன்னால் ஒன்றை மாற்றினால் பின்னால் இருப்பதெல்லாம் கணக்கில் வரும்.

முதலில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் உருளை. டிரம் சுழலும்போது, லைனிங் ஒட்டிய ஷூவையும் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். நம் காலுக்கு அது பெரிய உதவி. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. மிதிக்கும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால்தான் வேக்கத்தைக் கொண்டு மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போட்டவர்கள் "முன்னைவிட மோசமா இருக்கு, நின்னு மிதிக்க வேண்டியிருக்கு" என்று சொல்வது. பூஸ்டர் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல் வண்டியில் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வேக்கம் எடுக்கலாம். டீசல் எஞ்சினில் பூஸ்டருக்குப் போதுமான வேக்கம் அங்கே இருக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தோ தனியாகவோ ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். இதை விசாரிக்காமல் பூஸ்டரை வாங்கி மாட்டினால் அது வெறும் இரும்பு டப்பா.

சிலிண்டரின் உள்விட்டத்தையும் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. விட்டம் சிறிதானால் அழுத்தம் கூடும், ஆனால் டிஸ்க்கை இருபுறமும் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிபரின் பெரிய பிஸ்டனைத் தள்ளப் போதுமான ஆயில் போகாமல் பெடல் நீளமாக இறங்கும். பெரிதானால் பெடல் கல்லாக இருக்கும். அந்தக் காலிபர் எந்த வண்டிக்குச் செய்யப்பட்டதோ, அந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் தொடங்குவதுதான் பாதுகாப்பு. ஒற்றைச் சர்க்யூட் சிலிண்டர் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் டேண்டம் சிலிண்டர் போடுங்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போகிற அமைப்பை வைத்துக்கொண்டு டிஸ்க்குக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

பலரும் கேள்விப்படாத ஒன்று ரெசிடுவல் வால்வு. டிரம் வண்டியின் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்க, பல மாஸ்டர் சிலிண்டர்களின் வாயிலேயே இந்தச் சிறு வால்வு இருக்கும். ஷூவைப் பின்னிழுக்க ஸ்பிரிங் இருப்பதால் டிரம்முக்கு அதனால் கெடுதல் இல்லை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை. அந்த 10 பி.எஸ்.ஐ. போதும், பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். வண்டி இழுக்கும், சக்கரம் கொதிக்கும், மைலேஜ் குறையும், ஆனால் காலிபரில் ஒரு குறையும் தெரியாது. அதேசமயம் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே, காலிபரைவிடத் தாழ்வாக இருந்தால் ஆயில் பின்னால் வழியாமலிருக்க 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று தேவைப்படும்.

பின் சக்கரம். பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகும். புதிய பூஸ்டரும் சிலிண்டரும் பின் டிரம்முக்கும் கூடுதல் அழுத்தத்தை அனுப்பினால், மழையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வு இதற்காகத்தான். ஆளில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதித்து, வெளியே நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரம்தான் முதலில் நிற்க வேண்டும்.

லேத்தில் செய்யும் பிராக்கெட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலிபர் தாங்கும் பிராக்கெட்டைக் கேஸ் கட்டிங் செய்து, ஸ்டப் ஆக்சிலோடு வெல்டிங் வைக்கிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த இரும்பின் பலம் மாறிவிடும். முன் சக்கரத்தையே பிடித்திருக்கும் பாகம் அது. அம்பாசடரைத் தயாரித்த ஆலையே பின்னாளில் முன் டிஸ்க்கோடு வண்டியை விட்டது. அந்த வண்டியின் ஸ்டப் ஆக்சில், ஹப், காலிபர், பூஸ்டர், சிலிண்டர் முழு செட்டாகக் கிடைத்தால், என் பார்வையில் அதுவே எந்தக் கிட்டையும்விட நல்லது. துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் துளையோரத்தில் விரிசல் விடும். இந்த வண்டிக்குச் சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க்கே போதும்.

மாட்டும்போது இடது காலிபர் வலப்பக்கம் போய்விடுவது அடிக்கடி நடக்கும். போல்ட்டெல்லாம் சரியாக உட்காரும், எதுவும் தெரியாது. ஆனால் காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேதான் தங்கும் என்பதால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் ஸ்பாஞ்சாகவே இருக்கும். நிப்பிள் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும்.

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் அந்த எண்ணெய் பேடில் ஊறிவிடும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தால் எமரி பேப்பரால் தேயுங்கள். பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்த பிறகு நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது டிஸ்க்கின் ஆட்டம் பொதுவாக 0.05 மி.மீ. அளவுக்குள் இருப்பது நல்லது. ஒரு தலைமுடிக் கனம்கூட இல்லாத இந்த அளவு மீறினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சீரற்ற தேய்மானம்தான்.

ஹோஸை மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டும் ஏற்றியும் பாருங்கள். எங்கும் இழுபடக் கூடாது, உரசக் கூடாது. ஹோஸைக் காலிபரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷரைப் பழையதையே போடாதீர்கள். காலிபர் நகரும் கம்பியான பின்னுக்கு (pin) ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் மட்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால், அந்தந்த பாகத்துக்குச் சொன்ன அளவில் இறுக்குங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். ஆகவே திறந்து வைத்திருந்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிகான், டாட் 4-இல் கலக்கவே கூடாது.

பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுவது மிக மோசமான பழக்கம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக்கவசம் இல்லாமல் பட்டறைப் பையனை அந்த வேலையில் விடாதீர்கள்.

சட்டப்படியும் ஒன்று உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து, பேட் டிஸ்க்கோடு ஒட்டி நிற்கும்வரை பாருங்கள். இதைச் செய்யாமல் கேட்டுக்கு வெளியே வந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். பிறகு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல், சுமார் பத்து முறை ஓட்டுங்கள். சூடான பேடை டிஸ்க்கோடு அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் படிவு ஒட்டிக்கொள்ளும். சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு, வீல் நட்டையும் ஹோஸ் இணைப்பையும் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஜாக்கில் ஏற்றி மறுபடி ஒருமுறை.