ப்ளூஸ்-ராக் பாட்டு: ஸ்டூடியோவுக்குப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் ஒரு பேண்டில் பேஸ் கிதார் வாசிப்பவன். ஒத்திகை அறையில் எங்களுக்கு அடுத்து புதுப் பையன்கள் வருகிறார்கள். கதவருகே நின்று கேட்டால், ஒரு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். கம்பியைச் சுருதி சேர்க்காமல் வாசிப்பது, மெட்ரோனோம் இல்லாமல் பழகுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

பாடுபவரைக் கேட்காமல் சுருதி வைப்பது

பழைய அமெரிக்க ப்ளூஸும் ராக்கும் கலந்த ப்ளூஸ்-ராக் பாட்டு பெரும்பாலும் கிதாரில்தான் பிறக்கிறது. கிதாரின் தடித்த கம்பி 'ஈ', நம் கணக்கில் மூன்று கட்டை. அடுத்தது 'ஏ', ஆறு கட்டை. ப்ளூஸின் வழக்கமான பன்னிரண்டு பார் சுற்று (பார் என்றால் ஒரு தாள ஆவர்த்தனம்) ஈ, ஏ, பி என்று மூன்று இடத்தில் நகரும்போது, முதல் இரண்டுக்கும் அடிக்கம்பியை அழுத்தவே வேண்டாம். திறந்தபடி முழங்கும். அந்தச் சுகத்தில் கிதாரிஸ்ட் ஈ சுருதியில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிதார் வரி) போடுவார், ட்ரம்ஸ் சேரும், எல்லோருக்கும் புல்லரிக்கும். பாட வேண்டியவர் அறையிலேயே இருக்க மாட்டார். மெட்டைக் கிதாரிஸ்டே முணுமுணுத்துக் காட்டிவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு பேண்டில் பாடுவது ஒரு பெண். நல்ல கனமான குரல். ட்ரம்ஸ், பேஸ், இரண்டு கிதார் எல்லாம் ஈ சுருதியில் பதிவாகி முடிந்த பிறகுதான் அவரை மைக் முன்னால் நிறுத்தினார்கள். மெட்டின் உச்சி, மேல் ஈயைத் தாண்டி 'ஜி' வரை போகும். ஆண் குரல் கத்தித் தொட வேண்டிய இடம் அது, அந்தக் கத்தல்தான் பாட்டுக்கு உயிர். அவருக்கோ அது சிரமமே இல்லாத இடம். பாட்டு கொதிக்க வேண்டிய வரி சமர்த்தாகக் கடந்து போனது. ஒரு ஸ்தாயி மேலே பாடச் சொன்னார்கள், கீச்சென்றது. "இன்னும் கொஞ்சம் ஃபீல் குடுங்க" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கிதாரிஸ்ட் சொன்னார் பாருங்கள், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. சுருதி தப்பாக இருக்கும்போது ஃபீல் என்ன செய்யும்?

கம்ப்யூட்டரில் சுருதியை ஏற்றிப் பார்த்தார்கள். ஐந்து அரைச்சுரம் ஏற்றியதில் கிதாரின் கனமெல்லாம் போய்விட்டது. கடைசியில் ட்ரம்ஸ் மட்டும் தப்பியது, மற்றதெல்லாம் மறுபடி. ஸ்டூடியோக்காரர் மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்கினார். அவர் மேல் தப்பில்லை.

இத்தனைக்கும் ஏ சுருதிக்கு மாற்றியதும் உச்சி 'சி'யில் போய் நின்றது, குரல் சீறியது. கிதாரில் ஈ கம்பிக்கும் ஏ கம்பிக்கும் உள்ள இடைவெளிதான் ஏ கம்பிக்கும் டி கம்பிக்கும். அதே ரிஃப், அதே விரல், ஒரு கம்பி தள்ளி வைத்தால் போதும். ஒத்திகையிலேயே செய்திருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

ஆகவே, ரிஃப் கிடைத்தவுடன் பாடுபவரைக் கூப்பிடுங்கள். மெட்டின் உச்சி வரியை மட்டும், நின்றபடி, முழுக் குரலில், மூன்று நான்கு சுருதிகளில் பாடச் சொல்லி ஃபோனில் பதியுங்கள். குரல் லேசாகக் கிழிந்தும் உடையாமல் நிற்கிற இடம்தான் உங்கள் சுருதி. கச்சேரியில் பாடகரின் சுருதிக்குத்தான் வயலினும் மிருதங்கமும் சேர்கின்றன. கிதார் மட்டும் என்ன, வீட்டு மாப்பிள்ளையா?

அரைக் கட்டை இறக்க வேண்டுமானால் ஆறு கம்பியையும் இறக்கிவிடுங்கள். ப்ளூஸ் கிதாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் அப்படித்தான் வாசித்தார். அவருடைய தடித்த கம்பிகளை வளைத்து இழுக்கவும் அது தோதாக இருந்தது. ஏற்ற வேண்டுமானால் கேப்போ இருக்கிறது, கிதாரின் கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப். அது கத்துக்குட்டிகள் சமாசாரம் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் ப்ளூஸ் கிதாரிஸ்ட் ஆல்பர்ட் காலின்ஸின் பழைய வீடியோக்களைப் பார்க்கலாம். கேப்போவைக் கிதாரின் கழுத்தில் வெகுதூரம் ஏற்றி மாட்டிக்கொண்டுதான் மனுஷன் அந்த அடி அடித்தார்.

இருவர் இரண்டு நடையில் போவது

ஷஃபிள் என்பது 'தகிட'வில் நடுவே உள்ள 'கி'யை விழுங்கிவிட்டு வாசிப்பது. ட்ரம்மர் அந்த நடையில் போக, கிதாரிஸ்ட் 'தக தக' என்று நேராக அடித்தால் பாட்டு நொண்டும். யாருக்கும் காரணம் தெரியாது, பழி பேஸ் மேல் விழும். கருவிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் வாயால் சொல்லிப் பாருங்கள்.

டிஸ்டார்ஷன்

கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்குவது இது. நீங்கள் நினைப்பதில் பாதி போதும்.

பாடும்போதே லீட் வாசிப்பது

ப்ளூஸில் நான்கு பாருக்கு ஒரு வரி. குரல் ஏறக்குறைய முதல் இரண்டில் முடிந்துவிடும், மீதி கிதாரின் லீடுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு. காத்திருங்கள், உங்கள் முறை வரும்.

சரக்கு ரயில், விஸ்கி, நாற்சந்தியில் சாத்தான்

வேண்டாம். பழைய அமெரிக்க ப்ளூஸ் வரிகளில் அலுத்துப்போன சமாசாரங்கள் அவை. உங்கள் ஊரை எழுதுங்கள்.

யார் எழுதியது என்று பேசாமல் விடுவது

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்ட் 1969ல் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில், வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய பழைய பாட்டின் வரிகள் இருந்தன. டிக்சன் 1985ல் வழக்குப் போட்டார், 1987ல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. இப்போது அந்தப் பாட்டை எழுதியவர்களில் அவர் பெயரும் உண்டு. பன்னிரண்டு பார் சுற்று யார் சொத்தும் இல்லை. வரிகளும் மெட்டும் அப்படியில்லை.

பேண்டுக்குள்ளும் இதே கதைதான். ரிஃப் யாருடையது, மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று அன்று ராத்திரியே குரூப்பில் எழுதிப் போட்டு, எல்லோரையும் "சரி" என்று பதில் போடச் சொல்லுங்கள். ட்ரம்மரையும்தான்.