தி திங் பத்தி எழுதறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜான் கார்ப்பென்டரோட தி திங், 1982ல வந்த படம். அன்டார்டிகால ஒரு அமெரிக்க ஆராய்ச்சி கேம்ப், அதுல 12 ஆம்பளைங்க, நடுவுல யாரை வேணா அப்படியே காப்பி அடிச்சு அவங்களாவே நடமாடக்கூடிய ஒரு வேற்றுகிரக ஜந்து, அதுதான் திங். சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹாரர்ல எனக்கு இதுக்கு மேல ஒரு படம் இல்ல. அதனால இதைப் பத்தி யார் எழுதினாலும் பேசினாலும் விடாம பாத்துடுவேன், ஆனா பெரும்பாலும் ஒரே மாதிரி தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருது. இந்தப் படத்துக்கு ரிவ்யூ எழுதணும், வீடியோ போடணும்னு நினைக்கறவங்களுக்காக இதை எழுதறேன். கடைசி சீன் வரைக்கும் எல்லாத்தையும் பேசப் போறேன், இன்னும் படம் பாக்காதவங்க தயவுசெஞ்சு பாத்துட்டு வந்து படிங்க.

முதல் தவறு, முழு கட்டுரையையும் கிளைமாக்ஸ் புதிர்ல கொண்டு போய் முடிக்கறது. கேம்ப் எரிஞ்சிட்டு இருக்கு, கேம்ப்போட ஹெலிகாப்டர் பைலட்டான ஹீரோ மெக்ரெடியும் கூட வேலை பாக்கற சைல்ட்ஸும் ஒரு விஸ்கி பாட்டிலோட பனில உக்காந்திருக்காங்க, இதுல யாரு மனுஷன் யாரு திங்? அந்த குளிர்ல சைல்ட்ஸ் வாயில இருந்து மூச்சு ஆவி வரல அதனால அவன்தான்னு ஒரு தியரி, கேமராமேன் டீன் கண்டி கண்ணுல விழற வெளிச்சத்தைப் பத்தி பின்னாடி சொன்னதை வெச்சு இன்னொண்ணு, பாட்டில்ல இருந்தது விஸ்கியே இல்ல பெட்ரோல்னு வேற ஒண்ணு. ஆவி தியரி படத்துக்குள்ளயே நிக்காது, ஏன்னா சைல்ட்ஸ் மூச்சும் உத்துப் பாத்தா லேசா தெரியும், அதுக்கு முன்னாடி பனில மண்டி போட்டு கத்தற பென்னிங்ஸ் திங்குக்கும் ஆவி வரும். பாட்டிலை மாத்தின மாதிரி படத்துல எங்கயும் காட்டல. சரி, தியரி பேசறது ஜாலிதான், நான் வேண்டாம்னு சொல்லல, ஆனா அந்த சீன் அங்க ஏன் இருக்குன்னு கேக்காம விட்டுடறோம். அந்த நேரத்துல டெஸ்ட் பண்ண எதுவும் மிச்சமில்ல, நெருப்பு அணைஞ்சதும் மனுஷனா இருக்கறவன் குளிர்லயே செத்துருவான், சந்தேகப்பட்டும் பிரயோஜனம் இல்ல நம்பியும் பிரயோஜனம் இல்ல, அப்படி ஒரு இடத்துல ரெண்டு பேர் ஒரே பாட்டில்ல குடிக்கறாங்க. "இவன்தான் திங்"னு பதில் சொல்லி முடிச்சுட்டா அந்த சீன்ல இருக்கற கனம் மொத்தமும் போயிடும்.

அடுத்தது இதைவிட பெரிய தவறு, எஃபெக்ட்ஸை மட்டும் புகழ்ந்துட்டு நகர்ந்துடறது. ஜந்துவோட உருவங்களை பண்ண எஃபெக்ட்ஸ் கலைஞர் ராப் பாட்டின் அப்போ 22 வயசு பையன், ஒரு வருஷத்துக்கு மேல இதுலயே கிடந்து உழைச்சு கடைசில உடம்பு தாங்காம ஆஸ்பத்திரில சேர்ந்தார், இதெல்லாம் சொல்ல வேண்டியதுதான். நாய்க் கூண்டு சீன்ல வர்ற ஜந்துவை பண்ணது ஸ்டான் வின்ஸ்டன் டீம்ங்கறதையும் சேர்த்து சொல்லுங்க, நிறைய பேர் மொத்தத்தையும் பாட்டின் கணக்குலயே எழுதிடறாங்க. ஆனா ரப்பரும் ரத்தமும் மட்டும் இவ்ளோ வருஷம் பயமுறுத்தாது, அந்த உருவம் வெளிய வர்றதுக்கு முன்னாடி கார்ப்பென்டர் நம்மளை எங்க பாக்க வெச்சிருக்கார்ங்கறதுதான் வித்தை.

நாரிஸ் சீனையே எடுங்க. வெளிய மாட்டிக்கிட்டு எப்படியோ உயிரோட திரும்பி வந்த மெக்ரெடி கைல டைனமைட் வெச்சுட்டு நிக்கறான், எல்லாருக்கும் அவன்மேல சந்தேகம், நமக்கும்தான். இந்த களேபரத்துல நாரிஸ் நெஞ்சைப் பிடிச்சுட்டு சாயறான், டாக்டர் காப்பர் அவனை டேபிள்ல போட்டு ஷாக் குடுக்கறார், நம்ம கண்ணு இன்னும் அந்த டைனமைட்லயே இருக்கு, நாரிஸ் வெறும் பேஷன்ட். ரெண்டாவது தடவை ஷாக் குடுக்க கையை அழுத்தறப்போ நெஞ்சு வாய் மாதிரி திறந்து டாக்டரோட ரெண்டு கையையும் கடிச்சு எடுத்துடும். அந்த ஷாட்டுக்கு நிஜமாவே ரெண்டு கையும் இல்லாத ஒருத்தரை நடிக்க வெச்சு, டாக்டர் முகத்தை மாஸ்க்கா போட்டு எடுத்தாங்க. டெக்னிக் பிரமாதம், ஆனா நாம தப்பான ஆளை பாத்துட்டு இருந்ததாலதான் அது அப்படி அடிக்குது.

ரத்த டெஸ்ட் சீன்லயும் இதேதான், இன்னும் சுத்தமா. ஆளை கட்டிப் போட்டு, ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் ஒரு கண்ணாடி தட்டுல எடுத்து, மெக்ரெடி ஒரு கம்பியை சூடு பண்ணி வைக்கறான், திங்கோட ரத்தம்னா சூடு பட்டதும் தப்பிக்கப் பாக்கும்ங்கறதுதான் டெஸ்ட், ஸ்ஸ்னு சத்தம் வந்து அடங்குது, அடுத்தது, மறுபடி ஸ்ஸ், அடுத்தது. கேம்ப் தலைவரா இருந்த கேரி இதெல்லாம் சுத்த பேத்தல்னு எதிர்க்கறார், உங்களை கடைசிலதான் வெச்சிருக்கேன்னு மெக்ரெடி அவரைப் பாத்து சொல்றான், நாமளும் ஆஹா கேரிதான்னு முடிவு பண்ணிட்டோம். அவன் கேரிகிட்ட பேசிட்டே, கவனமே இல்லாம, கைல இருக்கற தட்டுல கம்பியை வைக்கறான், அது யாருமே கண்டுக்காத பாமர்ங்கறவனோட ரத்தம், அலறிட்டு எகிறும். கேரி கடைசி வரைக்கும் மனுஷன்தான்.

படம் முழுக்க சந்தேகம் போய் விழறது தப்பான ஆள் மேலதான், அதுக்கு விலை குடுக்கறவன் கிளார்க். நாய்களைப் பாத்துக்கறவன், ஆரம்பத்துல வெளிய இருந்து கேம்ப்புக்குள்ள வந்த, நிஜத்துல திங்கான அந்த நாயோட அதிக நேரம் இருந்தவன், கேம்ப்போட உயிரியல் விஞ்ஞானி பிளேர் வேற கிளார்க்கை கவனிச்சுக்கோன்னு சொல்லி வெச்சிருக்கார். அவன் கத்தியோட பாயறப்போ மெக்ரெடி நெத்தில சுட்டுடறான். அப்புறம் டெஸ்ட்ல கிளார்க் ரத்தம் சும்மா இருக்கு, மனுஷன். அப்போ நீ கொலைகாரன்னு சைல்ட்ஸ் மெக்ரெடி முகத்துக்கு நேரா சொல்றான். ஹீரோவோட கைல ஒரு அப்பாவி செத்திருக்கான், ஆனா மெக்ரெடியை மாஸ் ஹீரோவா கொண்டாடற எத்தனை ரிவ்யூல இது ஒரு வரியாவது வருதுன்னு பாருங்க. இதை விட்டுட்டு இந்தப் படத்தைப் பத்தி எழுதினதா சொல்லிக்கவே கூடாதுங்கறது என் கருத்து.

பிளேர் விஷயமும் இப்படித்தான், பைத்தியம் பிடிச்சு ஹெலிகாப்டரையும் ரேடியோவையும் உடைச்சுட்டார்னு எழுதிடறாங்க. இது மக்கள் இருக்கற இடத்துக்கு போனா 27,000 மணி நேரத்துல உலகம் மொத்தமும் போச்சுன்னு கம்ப்யூட்டர் கணக்கு போட்டு காட்டினதை பாத்துட்டுதான் அவர் அதைப் பண்றார். அந்த நேரத்துல அங்க தெளிவா யோசிச்ச ஒரே ஆள் அவர்தான்.

எய்ட்ஸ் விவகாரத்துல ஜாக்கிரதையா இருங்க. ரத்த டெஸ்ட் இருக்கறதால இந்தப் படம் எய்ட்ஸ் பயத்தை வெச்சு எடுத்ததுன்னு அடிச்சு சொல்றாங்க. படம் ரிலீஸ் ஆனது 1982 ஜூன் 25, எய்ட்ஸ்ங்கற பேரையே அமெரிக்க அரசு அதே வருஷம் செப்டம்பர்லதான் பயன்படுத்த ஆரம்பிச்சது, சூடான கம்பி டெஸ்ட்டோ 1938ல ஜான் கேம்ப்பெல் எழுதின மூலக்கதைலயே இருக்கு. பின்னாடி பாத்தவங்களுக்கு அப்படி தோணிச்சுன்னு எழுதுங்க, தப்பே இல்ல, எடுத்தவர் அதை மனசுல வெச்சு எடுத்தார்னு எழுதாதீங்க. இதே மூலக்கதையாலதான் இதை, அதே கதைல இருந்து முன்னாடியே வந்த தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்ங்கற 1951 படத்தோட ரீமேக்னு ஒரே வார்த்தைல முடிக்கறதும் சரியில்ல. அந்தப் படத்துல வர்றது தாவர வகையைச் சேர்ந்த ஒரு ராட்சச உருவம், களமும் வட துருவம், ஆளை காப்பி அடிக்கற சமாச்சாரமே கிடையாது. கார்ப்பென்டருக்கு அந்தப் படம் ரொம்ப பிடிக்கும், திரை எரிஞ்சு டைட்டில் வர்றது அதுக்கு அவர் செஞ்ச மரியாதை, ஆனா கதைக்கு அவர் போனது 1938க்கு.

அப்புறம் ஈ.டி. வந்ததால இது ஓடலங்கற கதை. ரெண்டு வாரம் முன்னாடி ஈ.டி. வந்தது உண்மை, பிளேட் ரன்னர் அதே நாள்ல வந்ததும் உண்மை, ஆனா விமர்சகர்களும் சேர்ந்து மிதிச்சாங்க, நியூயார்க் டைம்ஸ்ல வின்சென்ட் கேன்பி இதை குப்பைன்னே எழுதினார். எனியோ மோரிகோனி இசைக்கு மோசமான இசைன்னு ராஸி நாமினேஷன் வேற, அது மட்டமான படங்களை கிண்டல் பண்ணி குடுக்கற விருது. ஆரம்பத்துல பனி மேல ஹெலிகாப்டர் அந்த நாயை துரத்தறப்போ அடில துடிக்கற அந்த பேஸ் சத்தத்தை கேட்டுட்டு எப்படி அந்த முடிவுக்கு வந்தாங்கன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. நிறைய பேர் இதை கார்ப்பென்டரே போட்ட இசைன்னு எழுதறாங்க, அவரும் அவரோட இசைக் கூட்டாளி ஆலன் ஹோவார்த்தும் சேர்ந்து சில துண்டுகள் போட்டது நிஜம், மத்தபடி அது மோரிகோனி.

கேரக்டருங்க எல்லாம் ஒரே மாதிரி, யாரும் மனசுல நிக்கலன்னு எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாருங்க, இந்த முறை பாமரை மட்டும். காணாமப் போன ஃபக்ஸ்ங்கறவனை தேடப் போறப்போ, ரேடியோ ஆபரேட்டர் விண்டோஸ்கூட போக மாட்டேன், சைல்ட்ஸ்கூட போறேன்னு அடம் பிடிப்பான், சாதாரண பயம்னு தோணும். நாரிஸோட தலை கால் முளைச்சு நழுவிப் போறதை முதல்ல பாத்து வாய் பிளக்கறவனும் அவன்தான். அந்த நேரத்துல அவனே திங்.