வீட்டுக் குப்பையைக் குறைக்க ஈரக் கழிவிலிருந்து தொடங்குங்கள்

குப்பையைக் குறைக்க விரும்பும் பலர் முதலில் துணிப்பையையும் மூங்கில் பல்துலக்கியையும் வாங்கிவிட்டு, சமையலறைக் கழிவை வழக்கம்போல் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் நகரங்களில் சேரும் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடிய ஈரக் கழிவு என்பதால், தொடங்க வேண்டிய இடம் அதுதான். சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குவிந்ததைப் போன்ற குப்பை மேடுகளில் இக்கழிவு காற்றுப்படாமல் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. அது காகிதத்தோடும் பிளாஸ்டிக்கோடும் கலந்துவிட்டால், விற்கக்கூடிய பொருளும் எதற்கும் உதவாததாகிவிடும்.

முதல் படி: பிரித்தல்

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. சமையல் மேடையில் மூடியுள்ள சிறிய பாத்திரம் ஒன்றையும், உலர்ந்த பொருள்களுக்கு ஒரு சாக்கையும், பழைய பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை ஆகியவற்றுக்கு ஓர் அட்டைப்பெட்டியையும் ஒதுக்குங்கள். அணையாடை (டயப்பர்), நாப்கின் போன்றவற்றைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். அவற்றைக் கையால் பிரிக்கும் நிலைக்குத் தூய்மைப் பணியாளரைத் தள்ளக் கூடாது. ஈரக் கழிவுப் பாத்திரத்திற்குள் பிளாஸ்டிக் பை விரிக்காதீர்கள். தினமும் கழுவிக் கவிழ்த்தால் போதுமானது.

இரண்டாம் படி: உரமாக்குதல்

இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டோ மூன்றோ தேவை. அடியிலும் பக்கங்களிலும் விரல் நுழையாத அளவில் துளையிட்டு, செங்கல் மீது உயர்த்தி, கசியும் நீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டை வையுங்கள். மழை படாத, வெயில் நேராக விழாத பால்கனி மூலையே ஏற்ற இடம்.

வாளியின் அடியில் நான்கு விரல் உயரத்திற்குக் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ பரப்புங்கள். தேங்காய் உரித்த நாரைப் பிய்த்துப் போடலாம். தெருவில் கூட்டிக் கொளுத்தப்படும் வேப்பஞ்சருகை ஒரு சாக்கில் அள்ளி வந்தால், பல வாரங்களுக்குக் காசு செலவில்லை. அன்றன்றைய காய்கறித் தோலையும் வாழைப்பழத் தோலையும் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஏறத்தாழ அதே அளவு சருகால் முழுவதுமாக மூடுங்கள். மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனைப் போல் 25 முதல் 30 மடங்கு கரிமம் தேவைப்படுகிறது. பச்சைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கரிமம் மிகுதி என்பதால்தான் இரண்டையும் அடுக்குகிறோம். முதல் நாள் ஒரு கரண்டி புளித்த மோரையோ கைப்பிடி சாணத்தையோ கரைத்துத் தெளித்தால் மக்குதல் விரைவாகத் தொடங்கும்.

மீன், இறைச்சி, குழம்பு, எண்ணெய் ஆகியவை தொடக்கத்தில் வேண்டாம். டீத்தூளில் பாலும் சர்க்கரையும் ஒட்டியிருந்தால் எறும்பு மொய்க்கும் என்பதால் அலசிப் போடுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். மாங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் மக்க நெடுங்காலம் ஆகும்; முருங்கைக்காய்ச் சக்கையும் எளிதில் மசியாது.

வாரம் இருமுறை ஒரு குச்சியால் கிளறிக் காற்றோட்டம் கொடுங்கள். ஈரப்பதத்தை அறிய, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். பிழிந்து உதறிய துணியைப் போல் இருந்தால் சரி. நீர் சொட்டினால் ஈரம் அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை. மூக்கைத் துளைக்கும் காரநெடி வந்தால் நைட்ரஜன் மிகுந்துவிட்டது. இரண்டுக்கும் சருகு சேர்த்துக் கிளறுவதே மருந்து. தடித்த, வெளிர்நிறப் புழுக்கள் தென்பட்டால் பலர் அன்றே வாளியைக் கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவை விரைந்து தின்று தீர்ப்பவை, மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. காணச் சகிக்காவிட்டால் சருகை இன்னும் தடிப்பாகப் போடுங்கள்.

வாளி நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஒதுக்கியது நம் வெப்பநிலையில் ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் கருத்து, உதிரியாகி, மண்வாசனையோடு இருக்கும். சல்லடையில் சலித்து, ஒரு பங்கு உரத்திற்கு இரண்டு பங்கு மண் என்ற கணக்கில் தொட்டிகளுக்கு இடலாம். சல்லடையில் தங்கும் கட்டிகள் அடுத்த வாளியின் நுண்ணுயிர் விதையாகும்; மோரோ சாணமோ இனித் தேவையில்லை.

மூன்றாம் படி: உலர் கழிவை விற்றல்

ஈரம் நீங்கிய உலர் கழிவைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். பால் பாக்கெட்டின் முனையை முழுவதும் கத்தரித்து எறியாமல், பையோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். தனியே விழும் அந்தச் சிறு துண்டை எவராலும் சேகரிக்க இயலாது. பையை அலசிக் காயவைத்துச் சேர்த்தால் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். சிப்ஸ் உறை போன்ற பல அடுக்கு உறைகளை அவர் பெரும்பாலும் வாங்கமாட்டார். எனவே அவற்றைக் கடையிலேயே தவிர்ப்பது நல்லது.

நான்காம் படி: வாங்கும்போது குறைத்தல்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. ஆயினும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகளே பலர் வீட்டில் ஒரு மூட்டை இருக்கும் நிலையில், புதுப் பை வாங்குவது வீண் என்பதே என் கருத்து. இருப்பதில் ஒன்றை வண்டிப் பெட்டியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். சாம்பாரும் சட்னியும் வாங்க எவர்சில்வர் தூக்கை எடுத்துச் செல்லுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால் பெரும்பாலான கடைகளில் மறுக்கமாட்டார்கள். கீரையையும் கொத்தமல்லியையும் இரண்டு நாள் தேவைக்கு மட்டும் வாங்கினால், வாடி வாளிக்குப் போவது வெகுவாகக் குறையும்.